ரயில் இழுவைப்படகும் கார் ஃப்ளோட்டும்: ஒரு ஹெச்ஓ மாதிரித் தொகுப்பு பற்றிய மதிப்புரை

ரயில் கம்பெனிக்குச் சொந்தமான இழுவைப்படகு, சரக்கு ரயில் பெட்டிகளைத் தன்மேல் பதித்த தண்டவாளத்தில் சுமந்து செல்லும் மிதவையான கார் ஃப்ளோட், அதைக் கரையோடு இணைக்கும் ஏற்றப்பாலம் ஆகிய மூன்றும் அடங்கிய பிளாஸ்டிக் தொகுப்பு ஒன்றை அண்மையில் கட்டி முடித்தேன். ஹெச்ஓ எனப்படும் 1:87 அளவிலான இத்தொகுப்பு, 1970களின் நியூயார்க் நகரப் புரூக்ளின் கரையில் நலிந்துகொண்டிருந்த ஒரு துறைமுக முனையத்தை அமைக்க விரும்புகிறவருக்கு எந்த அளவுக்கு உதவும் என்பதே இம்மதிப்புரையின் அக்கறை.

பெரும்பாலான ரயில் கம்பெனிகளின் பாதைகள் நியூஜெர்சிக் கரையோடு முடிந்துவிட்டதால், நியூயார்க் நகரத்துக்கான சரக்குப் பெட்டிகள் நீரின்மேல் மிதந்தே அக்கரை சேர்ந்தன. இந்தத் தொழில் உச்சத்தில் இருந்தபோது 323 கார் ஃப்ளோட்டுகளும் 150 இழுவைப்படகுகளும் 3,400 பணியாளர்களும் அதில் ஈடுபட்டிருந்தனர். பின்னர் லாரிகள் பாலங்களிலும் சுரங்கப்பாதைகளிலும் ஓடத் தொடங்கின; கன்டெய்னர் கப்பல்கள் நியூஜெர்சியின் நியூவார்க், எலிசபெத் துறைகளுக்குப் போய்விட்டன; கரையோரத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1963 வரை நீராவி எஞ்சின்களை ஓட்டிய புரூக்ளின் ஈஸ்டர்ன் டிஸ்ட்ரிக்ட் டெர்மினல் என்ற துறைமுக ரயில் கம்பெனியும் 1983இல் நின்றுபோனது.

தொகுப்பில் என்னை முழுமையாகக் கவர்ந்தது இழுவைப்படகுதான். ஃப்ளோட்டின்மேல் நிற்கும் பெட்டிகளுக்கு அப்பால் மாலுமி பார்த்தாக வேண்டும் என்பதால், ரயில் கம்பெனிகளின் படகுகளில் சுக்கான் அறை வழக்கத்தைவிட உயரமாக இருக்கும். அந்த உயரத்தை அச்சு வார்த்தவர் சரியாகப் பிடித்திருக்கிறார். புகைபோக்கியோ நீராவிக் காலத்துக்குரிய நீண்ட குழாய். 1970களுக்கு அதை வெட்டிக் குறுக்கி, டீசலுக்கு மாற்றப்பட்ட படகாகக் காட்ட வேண்டியிருக்கிறது. மெல்லிய ரம்பம் இருந்தால் இது எளிய வேலை.

கார் ஃப்ளோட்டின் நீளத்தில் சமரசம் தெரிகிறது. 360 அடி நீளமுள்ள ஃப்ளோட்டை இந்த அளவில் செய்தால் ஏறத்தாழ 126 சென்டிமீட்டர் வரும். அதற்கு எத்தனை வீட்டு மேசைகளில் இடம் இருக்கும்? ஆகவே சுருக்கியதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. தண்டவாள முனையில் பெட்டிகளைத் தடுத்து நிறுத்தும் தாங்கிகளை வெறும் கட்டைகளாக வார்த்திருப்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை, ஏனெனில் நீரில் விழாமல் பெட்டியைக் காக்கும் அந்த உறுப்பின்மேல்தான் பார்ப்பவர் கண் முதலில் விழுகிறது.

ஏற்றப்பாலத்தில்தான் தொகுப்பு பெரிதும் சறுக்குகிறது. நியூயார்க் துறைமுகத்தில் ஓதத்தால் நீர்மட்டம் நாலரை அடி அளவுக்கு ஏறி இறங்கும். அதோடு, பெட்டிகள் ஏற ஏற ஃப்ளோட்டும் அமிழும். இவ்விரண்டுக்கும் ஈடுகொடுத்து அசைவதுதான் பாலத்தின் வேலை. இந்த அளவில் அந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சென்டிமீட்டர்தான் என்றாலும், பாலத்தைக் கரையோடு அசையாமல் ஒட்டும்படி கட்டுமானக் குறிப்பு சொல்கிறது. கரைப்பக்க முனையில் ஒரு பித்தளைக் கம்பியைக் கீலாகச் செருகி நான் இதைச் சரிசெய்தேன். உற்பத்தியாளரே அதைச் செய்திருக்கலாம்.

பெட்டிகளை ஏற்றும் முறையைப் பற்றியும் குறிப்பில் ஒரு சொல் இல்லை. ஓரத் தண்டவாளத்தை மட்டும் நிரப்பினால் ஃப்ளோட் சாய்ந்துவிடும் என்பதால், எடை சமமாக இருக்கும்படி பக்கங்களை மாற்றி மாற்றி நிரப்புவார்கள். எஞ்சினின் பாரம் பாலத்தின்மேல் ஏறாமலிருக்க, அதற்கும் பெட்டிகளுக்கும் நடுவே வெறும் தட்டை வண்டிகளைக் கோத்துத் தள்ளுவதும் உண்டு. பெட்டிகளை இடம் மாற்றிக் கோக்கும் ஷண்டிங் விளையாட்டில் சுவை கூட்டும் நுணுக்கங்கள் இவை. தட்டை வண்டிகளைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

ஒட்டு எழுத்துகள் கூர்மையாக அச்சிடப்பட்டுள்ளன, ஆனால் அளவுக்கு மீறிப் பளபளக்கின்றன. மங்கல் வார்னிஷ் பூசி, நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே துருநிறத்தைத் தடவிய பிறகே படகு உழைத்துக் களைத்த தோற்றத்துக்கு வந்தது. இழுவைப்படகைத் தனியாக வாங்க முடிந்தால் தயங்காமல் வாங்கலாம். முழுத் தொகுப்பை, பாலத்தைத் திருத்தி அமைக்கும் பொறுமையுள்ளவருக்கு மட்டுமே பரிந்துரைப்பேன். அவர்களும் இன்னொரு ஃப்ளோட்டைச் சேர்த்து வாங்குவது நல்லது, ஏனெனில் இருபுறமும் ஒவ்வொரு ஃப்ளோட்டைக் கட்டிக்கொண்டு நடுவில் செல்வதே அத்துறைமுகத்தில் இப்படகுகளின் வழக்கமாக இருந்தது.