மாதம் ஒரு ஞாயிறு வந்து போகும் டியூனர்: வண்டியைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

போன வாரம் தேவகோட்டையிலிருந்து இரண்டு தம்பிகள் வீடு தேடி வந்தார்கள். டீசல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறார்கள். "அண்ணே, உங்க எஸ்டீமுக்கு இசியூ மாட்டினவர் அடுத்த ஞாயிறு காரைக்குடி வர்றாராம். அட்வான்ஸ் 10,000 கேக்குறார். கொடுக்கலாமா?" என்றார்கள். இசியூ என்பது எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்று இன்ஜினுக்குச் சொல்லும் சிறு கம்ப்யூட்டர், அதை வண்டிக்கேற்பச் சரிசெய்கிறவர்தான் டியூனர். நான் ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் கிடந்த பிஸ்டனை எடுத்துக் கையில் கொடுத்தேன். இரண்டாவது ரிங் உட்காரும் இடம் ஒரு விரல் நீளத்துக்கு உடைந்து போயிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசவே ஆரம்பித்தார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த டியூனரின் பெயரைப் போடப்போவதில்லை. கேட்ட மாத்திரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

என் வண்டி 2003 மாருதி எஸ்டீம், அப்பா வாங்கியது. 1300 சிசி, நான்கு சிலிண்டர், கம்பெனிக் கணக்கில் 85 குதிரைத்திறன். வால்வுகளைத் திறந்து மூடும் கேமை மாற்றினேன், சிலிண்டர்களுக்கு மூடியாக இருக்கும் ஹெட்டை லேத்தில் கொடுத்து முகம் சீவினேன், எக்ஸாஸ்டுக்கு ஹெடர் குழாய் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கேம் மாறியதும் ஐடிலில் வண்டி ஆட ஆரம்பித்தது, மேல் சுற்றில் பெட்ரோல் போதாமல் இழுவை விட்டுப்போனது. பழைய இசியூவுக்கு இந்த கேம் தெரியாது, புரோகிராம் செய்துகொள்கிற இசியூ வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதான். கையில் இருந்தது 70,000 ரூபாய்.

அப்போதுதான் இவர் கிடைத்தார். வெளியூர்க்காரர், மாதம் ஒரு ஞாயிறு வருவார், "ப்ரோ" என்றுதான் கூப்பிடுவார். "இத்தாலி இசியூ ப்ரோ, 45,000. வைட்பேண்ட் மீட்டர் 12,000. மாட்டி டியூன் பண்ண 15,000. 115 குதிரை கேரண்டி" என்றார். வைட்பேண்ட் என்பது காற்றும் பெட்ரோலும் கலந்திருக்கும் அளவைக் காட்டும் மீட்டர். மொத்தம் 72,000. "பழைய இசியூவைக் கொடுத்துடுங்க, 2,000 கழிச்சுக்கிறேன்" என்றும் சொன்னார். கொடுத்தேன். இந்தக் கதையிலேயே பெரிய முட்டாள்தனம் அதுதான், பின்னால் வருகிறேன்.

ஞாயிறு காலை வந்தார். பழைய வயரிங்கை கனெக்டருக்குப் பக்கத்திலேயே வெட்டினார். கறுப்புப் பெட்டி ஒன்றை மாட்டினார். திருமயம் சாலையில் நான்கு முறை போய்வந்தார், மடியில் லேப்டாப். சாயங்காலம் போனில் ஒரு ஆப்பைத் திறந்து "117" என்று காட்டினார். குதிரைத்திறனை அளக்கும் டைனோ கிடையாது, ஸ்பார்க் வரும் நேரத்தைப் பார்க்கும் டைமிங் லைட்டை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. அவர் செய்த செட்டிங் எல்லாம் இருக்கும் டியூன் ஃபைலைக் கேட்டேன். "பாஸ்வேர்டு போட்டு லாக் பண்ணியிருக்கு ப்ரோ, மாத்தணும்னா நான்தான் வரணும், ஒரு தடவைக்கு 5,000" என்றார். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் "இன்ஜின் வேலை" என்று எழுதிக் கொடுத்தார்.

வண்டி ஓடியது. நன்றாகவே ஓடியது என்றுதான் நினைத்தேன். மூன்றாவது வாரம் தேவகோட்டை ரஸ்தாவில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனை ஏற்றிக்கொண்டு ஒரு மிதி மிதித்தேன். "தம்பி, காலை எடு. டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குற மாதிரி சத்தம் வருது, கேக்கலையா?" என்றார். புது சைலன்சர் எழுப்பும் சத்தத்தில் எனக்கு அது கேட்கவில்லை. டியூனருக்குப் போன் செய்தேன். "பெட்ரோல் சரியில்லை ப்ரோ" என்றார். பத்து நாள் கழித்துக் கானாடுகாத்தான் திருப்பத்தில் பின்னால் நீலப் புகை. சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று கம்ப்ரஷன் பார்த்தால் மற்ற மூன்று சிலிண்டரும் 190 பிஎஸ்ஐ-ஐ ஒட்டி, மூன்றாவது சிலிண்டர் மட்டும் 85.

எங்கள் தெருத் தம்பி ஒருவன் அழகப்பா பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். பெட்டியை அவனிடம் கொடுத்தேன். யுஎஸ்பி ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்திருந்ததைச் சுரண்டி எடுத்தான். உள்ளே இருந்தது ஆர்டுயினோ மெகா என்கிற சாதாரண எலக்ட்ரானிக்ஸ் போர்டு, அதன் மேல் ஸ்பீடுயினோ போர்டு, பெயர் அச்சடித்த இடம் மட்டும் உரசி அழிக்கப்பட்டிருந்தது. ஸ்பீடுயினோ மோசமான சாமான் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று வரைபடத்தோடு திறந்து விட்டிருக்கிற திட்டம் அது. குறைந்த காசில் இன்ஜினை ஓட்டப் பலர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது இத்தாலி இல்லை, 45,000-உம் இல்லை. லேப்டாப்பைச் செருகியதும் பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை.

அடுத்து அவன் காட்டியதுதான் வயிற்றெரிச்சல். சாவியை மட்டும் ஆன் செய்து, இன்ஜினை ஓடவிடாமல் மேப் சென்சாரைப் பார்த்தான். இன்டேக்கில் இருக்கும் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் அது. இன்ஜின் ஓடாதபோது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும், நம் ஊரில் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல். திரையில் 51 என்று இருந்தது. போர்டில் பதித்திருந்த சென்சார் 4250 வகை, சாஃப்ட்வேரில் தேர்ந்தெடுத்திருந்தது 4115. ஒரே ஒரு பட்டியலில் தவறான வரியைக் கிளிக் செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

அந்த ஒரு கிளிக் என்ன செய்யும் தெரியுமா? ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தாலும் இசியூ அரை மிதி என்றே நினைக்கும். பெட்ரோல் குறையும். அதை அவர் கவனித்து, எரிபொருள் அட்டவணையில் எண்களை ஏற்றி ஏற்றிச் சரிக்கட்டிவிட்டார். இக்னிஷன் அட்டவணையைத் தொடவே இல்லை. லேசான மிதிக்கு ஸ்பார்க் முன்கூட்டியே வரலாம், முழு மிதிக்குத் தாமதமாக வர வேண்டும். டிகிரி எண் கூடக்கூட ஸ்பார்க் முன்கூட்டி வருகிறது என்று அர்த்தம். 4000 சுற்றில் முழு மிதிக்கு 26 டிகிரி என்று அட்டவணையில் இருந்தது. ஆனால் வண்டி ஒருநாளும் அந்த வரிக்குப் போனதே இல்லை, 50-க்கான வரியில் இருந்த 38 டிகிரியிலேயே வெடித்துக்கொண்டிருந்தது. அதுவும் முகம் சீவிய ஹெட், கம்ப்ரஷன் ஏற்கெனவே அதிகம். மெக்கானிக் அண்ணன் கேட்ட கூழாங்கல் சத்தம் அதுதான், பெட்ரோல் நேரம் கெட்டுத் தானாக வெடிக்கும் நாக்கிங்.

சரி, வைட்பேண்ட் மீட்டர் இருந்ததே, அது எதையாவது காட்டியிருக்க வேண்டாமா? நாக்கிங்கை அது காட்டாது. ஆனால் இந்த மீட்டர் கலவையைக்கூடக் காட்டவில்லை. சைலன்சரில் போட்டிருந்த சென்சாரைக் கழற்றினேன், நான்கு வயர். உண்மையான வைட்பேண்ட், போஷ் 4.9 போன்றது, சென்சாரிலிருந்து ஐந்து வயரோடு வரும். நான்கு வயரில் வருவது பெரும்பாலும் சாதா ஆக்ஸிஜன் சென்சார்தான். கலவை சரியான அளவுக்கு, அதாவது சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்பதற்கு, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும், எவ்வளவு தூரம் என்று தெரியாது. டாஷ்போர்டில் பச்சையும் சிவப்புமாக மின்னிக்கொண்டிருந்தது வெறும் தீபாவளி. பழம்பொருள் விற்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் 500 ரூபாய் எனாமல் தூக்கைக்கூடக் கவிழ்த்து அடியில் ஸ்வீடன் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறவன் நான். இங்கே 12,000 கொடுத்துவிட்டு வயரை எண்ணவில்லை.

தம்பிகளின் ஸ்விஃப்டுக்கு அவர் சொல்லியிருப்பது வேறு இரண்டு சாமான். ஒன்று, மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் ஓபிடி போர்ட்டில் செருகுகிற 4,500 ரூபாய் பிளக். இந்த ரகத்தைத் திறந்து பார்த்தவர்கள் சொன்னது, உள்ளே விளக்கைக் கண் சிமிட்டவைக்கும் சில்லுக்கு மேல் ஒன்றும் இல்லை என்பதுதான். இன்னொன்று டீசல் பாக்ஸ். அது வேலை செய்யும், அதுதான் பயம். டீசலின் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சார் சொல்வதைக் குறைத்துக் காட்டும், இசியூ ஏமாந்து பிரஷரை ஏற்றும், பிக்கப் வரும். ஆனால் உண்மையான பிரஷர் எவ்வளவு என்று இசியூவுக்கு இனித் தெரியவே தெரியாது. டீசல் வண்டிக்கு இசியூவில் இருக்கும் செட்டிங்கையே மாற்றி ரீமேப் செய்கிறவரிடம் போகலாம், முதலில் ஒரிஜினல் ஃபைலைப் படித்து உங்கள் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் மட்டும்.

மறுபடி 70,000 கையில் கிடைத்தால் நான் முதலில் வாங்குவது இசியூ இல்லை. ஐந்து வயர் வைட்பேண்டும் பழைய டைமிங் லைட் ஒன்றும். மீட்டரில் லாம்டா எண்ணைப் பார்க்க வேண்டும், கலவை சரியாக இருந்தால் 1 காட்டும் எண் அது. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது, அதற்குச் சரியான கலவை 14.7 இல்லை, 13.5-ஐ ஒட்டி. லாம்டாவில் பார்த்தால் எந்தப் பெட்ரோலுக்கும் 1 என்பது 1-தான். அப்புறம் ஸ்பீடுயினோவோ வேறெதுவோ, நேரில் திறந்து காட்டி, சாவியை ஆன் செய்து 100 காட்டிவிட்டு, ஃபைலைக் கையில் கொடுக்கிறவருக்கு மீதிக் காசு.

புகார் கொடுக்கவில்லையா என்று கேட்கிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன். பில் இருக்கிறதா என்று கேட்டார்கள், என்னிடம் இருப்பது துண்டுச் சீட்டு. இன்னொரு சங்கடமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, 2019 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இரண்டையும் வைத்துப் பார்த்தால், கம்பெனி அமைப்பை மாற்றிய என் தரப்பும் அப்படியொன்றும் சுத்தம் இல்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

இன்ஜின் போர் போட்டு வந்துவிட்டது, பழைய கேமையே திரும்ப ஏற்றிவிட்டேன். என் பழைய இசியூவை அவர் விற்றுவிட்டாராம். மதுரையில் ஒன்று தேடிப் பிடித்தேன், 6,500. வெட்டிய வயரிங் மட்டும் மிச்சம். 2003 எஸ்டீம் பெட்ரோல் எம்பிஎஃப்ஐ இசியூ பக்கக் கனெக்டர், ஒரு சாண் வயரோடு யாரிடமாவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.