ஒப்புகை வேறு, ஒப்புதல் வேறு: 7,80,000 ரூபாய் போன கதை

நேற்று மாலை வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. நான் கணக்கில் போட்டிருந்த 2 லட்சம் ரூபாய்க் காசோலை, போதிய பணம் இல்லை என்ற காரணத்துடன் திரும்பிவிட்டதாம். கட்டுமான நிறுவனம் ஒன்றிடம் நான் கொடுத்த 7,80,000 ரூபாயில் திரும்பக் கிடைக்கும் என்று நம்பியிருந்த முதல் தவணை அது. ஆறப்போட்டு நிதானமாக எழுதலாம் என்றுதான் இவ்வளவு நாளும் இருந்தேன். இனி ஆறுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்பதால் இன்றே எழுதிவிடுகிறேன்.

பெயர்களைப் போட வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். ஆகவே, தென்சென்னைப் புறநகரில் நாலைந்து குடியிருப்புகளைக் கட்டி விற்றிருக்கும் ஒரு நடுத்தர நிறுவனம் என்றும், வீடு வாங்கவும் விற்கவும் பலரும் பயன்படுத்தும் ஒரு செயலி என்றும் மட்டும் குறிப்பிடுகிறேன். இடம் மேடவாக்கத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் இடைப்பட்ட ஒரு குறுந்தெரு.

செயலியில் அந்த விளம்பரத்தின் மேல் 'சரிபார்க்கப்பட்டது' என்ற பச்சைக் குறி இருந்தது. ஐந்து கிரவுண்டு மனையில், தரைத்தளத்தை வண்டி நிறுத்த விட்டுவிட்டு, அதற்கு மேல் ஐந்து தளங்களில் 24 வீடுகள் வரப்போவதாகவும், 1,050 சதுர அடி வீடு 78 லட்சம் ரூபாய் என்றும் போட்டிருந்தார்கள். நாங்கள் பார்க்கப் போனது ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆடியில் முன்பணம் கொடுக்கக் கூடாது என்று மாமியார் தடுத்திருந்ததால், ஆவணி பிறக்கட்டும் என்று காத்திருந்து போனோம். அந்தப் பத்து நாள் தாமதம்கூட எங்களுக்கு எதிராகத்தான் முடிந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மனைக்கு எதிர்வீட்டுத் திண்ணையில் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து வந்து, "தம்பி, இந்த இடத்துக்கு அனுமதி கிடைக்காது. நாங்கள் தெருவே சேர்ந்து மனு கொடுத்திருக்கிறோம். பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்" என்றார். இவ்வளவு தெளிவாக ஒரு மனிதர் எச்சரித்தும் நான் ஏமாந்தேன் என்பதை எழுதும்போது கை கூசுகிறது. விற்பனைப் பிரிவிலிருந்து எங்களைக் காரில் அழைத்து வந்திருந்த இளைஞர் சிரித்துக்கொண்டே, "சார், தங்கள் வீட்டுக்கு முன்னால் ஆறு மாடி எழுந்தால் காற்று வராது என்கிற வயிற்றெரிச்சல் இவர்களுக்கு. எல்லா இடத்திலும் நான்கு பேர் இப்படி இருப்பார்கள்" என்றார். நானும் சிரித்தேன். எனக்காக எழுந்து வந்தவரைப் பார்த்து, என்னிடம் கமிஷன் பார்க்க வந்தவரோடு சேர்ந்து சிரித்தேன்.

பிறகு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், குளிரூட்டிய அறையில் காபி கொடுத்து, ஒரு தாளைக் காட்டினார்கள். மேலே தமிழ்நாடு அரசின் கோபுர முத்திரை, கீழே ஒரு நீண்ட கோப்பு எண், நிறுவனத்தின் பெயர், சர்வே எண். "அப்ரூவல் நம்பர் வந்துவிட்டது, சார். நகல் கைக்கு வர வேண்டியதுதான் பாக்கி" என்று இளைஞர் சொன்னார். அந்தத் தாளின் தலைப்பில் 'ஒப்புகைச் சீட்டு' என்று பெரிய எழுத்தில் இருந்தது. நான் அதை வாசித்தேன். வாசித்துவிட்டு, 'ஒப்புதல்' என்றே மனத்தில் வாங்கிக்கொண்டேன். விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்பதற்கு அடையாளமாக, யார் எதை விண்ணப்பித்தாலும் இணையத்தில் தானாகக் கிடைக்கும் சீட்டு அது. என் கையெழுத்துக்கும் 7,80,000 ரூபாய்க்கும் அதைத் தவிர வேறு ஆதாரம் எதுவும் அவர்கள் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 29 அன்று, முகூர்த்த நேரம் பார்த்து, 7,80,000 ரூபாயை அவர்களுடைய நடப்புக் கணக்குக்கு அனுப்பினேன். வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்தது 4 லட்சம், சீட்டு எடுத்தது 2 லட்சம், மனைவியின் வளையல்களை அடகு வைத்தது மீதி. ரசீதில் 'முன்பணம்' என்ற சொல்லே இல்லை. 'விருப்பம் தெரிவிப்புத் தொகை' என்று இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, ஜி.எஸ்.டி. சிக்கல் வராமல் இருக்க அப்படித்தான் எழுதுவார்கள் என்றார்கள். அறுபது நாட்களில் கிரய ஒப்பந்தம் பதிவு செய்து தருவதாக வாய்மொழியாக உறுதி கொடுத்தார்கள்.

அக்டோபரில் வீட்டுக்கடனுக்காக வங்கிக்குப் போனபோதுதான் முதல் இடி விழுந்தது. வங்கி மேலாளர் கேட்டவை இரண்டே கேள்விகள்: திட்ட அனுமதிக் கடிதம் எங்கே, ரெரா எனப்படும் வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் எங்கே. இரண்டும் என்னிடம் இல்லை. நிறுவனத்தைக் கேட்டால், "அடுத்த வாரம், சார்" என்றார்கள். மூன்று அடுத்த வாரங்கள் போன பிறகு, ஒரு வெள்ளைத்தாளில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனுவை எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்தக் கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பினேன். சட்டம் விதித்த 30 நாளுக்குள் பதிலும் வந்தது. அந்த விண்ணப்பம் குறைபாடுகளுக்காகத் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது. கடிதத்தின் தேதி ஆகஸ்ட் 21. நான் பணம் கட்டுவதற்கு எட்டு நாள் முன்பே, அனுமதி இல்லை என்று அவர்கள் கையில் தாள் இருந்திருக்கிறது. ஆடியிலேயே கொடுத்திருந்தால், அவர்களும் அறியாமல் வாங்கினார்கள் என்று சொல்லவாவது இடம் இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் வெட்கத்தை விட்டு அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போனேன். அவர் பழையதைச் சொல்லிக் காட்டவில்லை. ஒரு தடித்த கோப்பை எடுத்து மடியில் வைத்தார். விண்ணப்பத்தோடு கொடுத்த வரைபடத்தில் தெருவின் அகலம் 30 அடி என்று காட்டியிருக்கிறார்கள். தெருக்காரர்கள் நாடா பிடித்து அளந்ததில், முக்கியச் சாலையிலிருந்து திரும்பும் முனையில் 22 அடிதான் இருக்கிறது. எத்தனை மாடி, எத்தனை வீடு கட்டலாம் என்பதை எதிரே உள்ள சாலையின் அகலத்தை வைத்தே விதிகள் முடிவு செய்கின்றன என்பதால், இந்த எட்டு அடிதான் முழு வழக்கும். தங்கள் மனையின் முன்பகுதியைத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்து அகலப்படுத்துகிறோம் என்று நிறுவனம் சொன்னதாம். "மனைக்கு முன்னால் மட்டும் அகலமாக்கினால், தீயணைப்பு வண்டி என்ன வானத்திலிருந்தா இறங்கும்?" என்று கேட்டார் பெரியவர்.

இன்னொன்றும் காட்டினார். மனையின் பின்பக்கத்தில் ஏரியின் உபரிநீர் ஓடும் கால்வாய் ஒன்று, நில அளவைகளைக் காட்டும் அரசின் புலப்படத்தில் இருக்கிறது. எந்த நிலம் என்ன வகை என்று குறிக்கும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்றே இருக்கிறது. விற்பனை வரைபடத்தில் அந்த இடத்தில் குழந்தைகள் விளையாட ஊஞ்சலும் சறுக்குமரமும் வரைந்திருந்தார்கள். 2015 டிசம்பரில் அந்தத் தெருவில் இடுப்பளவு நீர் நின்றதாகச் சொன்னார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதும், அதைச் சுற்றிக் கட்டடம் கட்டுவது இப்போது நீதிமன்றம் வரை போயிருப்பதும் செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் தெரிந்தவை. நானும் படித்தேன். அது ஏதோ பெரிய நிறுவனங்களின் பிரச்சினை, நம்முடைய 24 வீட்டுக்கு என்ன என்று இருந்துவிட்டேன். தெருவில் இன்னும் பாதாளச் சாக்கடை வரவில்லை என்பதும், கழிவுநீர் லாரி ஒன்று நின்றாலே இருசக்கர வண்டி கடக்க முடியாது என்பதும் அன்று நேரில் நின்று பார்த்தபோதுதான் உறைத்தது. திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் அவர்கள் கொடுத்த மனுக்களின் நகல் மட்டும் ஐந்து இருந்தன. வயிற்றெரிச்சல் என்று என்னை நம்ப வைத்தது இவ்வளவு பொறுமையாகச் சேர்த்த தாள்களைத்தான்.

பணத்தைக் கேட்டபோது நடந்தவற்றை வரிசையாக எழுதினால் இந்தப் பதிவு முடியாது. ஆட்சேபணையைச் சமாளித்துவிட்டோம், இரண்டே வாரம் என்றார்கள். இளைஞர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். இரண்டு நாள் கழித்து அவரே வேறொரு எண்ணிலிருந்து அழைத்து, கூடுவாஞ்சேரியில் உள்ள தங்கள் இன்னொரு திட்டத்துக்குத் தொகையை மாற்றிக்கொள்ளச் சொன்னார். மறுத்தேன். ரத்து செய்தால் 25 விழுக்காடு பிடிப்போம் என்றார்கள்; அப்படி எந்தத் தாளில் நான் கையெழுத்திட்டேன் என்று கேட்டதும் பேச்சு நின்றது. கணக்காளர் சபரிமலைக்குப் போயிருக்கிறார் என்று ஒரு வாரம். நிர்வாக இயக்குநர் ஒரே ஒரு முறை பார்த்தார், "நீங்கள் படித்தவர், கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டாமா?" என்றார். அவர் பேச்சின் இடையே, என் பணம் வேறொரு கட்டடத்தின் கம்பிக்கும் சிமெண்டுக்கும் போய்விட்டது என்பது தெளிவாகப் புரிந்தது. கடைசியில் என் மனைவி அலுவலக வாசலில் உட்கார்ந்து, வளையல் வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்று சொன்ன அன்றுதான் அந்த 2 லட்சம் ரூபாய்க் காசோலை கிடைத்தது. நேற்று அதுவும் திரும்பியது.

செயலி நிறுவனத்துக்கு நான்கு மின்னஞ்சல்கள் அனுப்பினேன். தாங்கள் விளம்பரத்தளம் மட்டுமே என்றும், பச்சைக் குறி என்பது விளம்பரம் கொடுத்தவரின் கைபேசி எண்ணைச் சரிபார்த்ததற்கு மட்டுமே என்றும் பதில் வந்தது. கைபேசி எண்ணைச் சரிபார்த்ததற்கு வீட்டின் படத்தின் மேல் எதற்காகக் குறி போடுகிறார்கள் என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, மனை 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ வீடுகள் எட்டைத் தாண்டினாலோ, பதிவு எண் இல்லாமல் விளம்பரம் செய்யவும் கூடாது, முன்பதிவு வாங்கவும் கூடாது. 13-ஆம் பிரிவின்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. என்னிடம் மிகச் சரியாகப் 10 விழுக்காட்டை வாங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு பிரிவை அடிக்கோல் வைத்து அளந்து மதித்தவர்கள், இன்னொரு பிரிவைத் தெரியாமலா மீறியிருப்பார்கள்? பதிவான திட்டமாக இருந்தால், வாங்கும் தொகையில் 70 விழுக்காட்டை அந்தக் கட்டடத்துக்கென்றே தனிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். என் 7,80,000 ரூபாய் போய் விழுந்ததோ எல்லாப் பணமும் கலக்கும் பொதுக் கணக்கில்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதுவதாகத்தான் நினைத்தேன். இப்போது எழுதும் மனநிலை இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். ரெரா எண் இல்லாத திட்டத்துக்கு எந்தப் பெயரிலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். விண்ணப்ப எண்ணை அனுமதி எண் என்று நம்பாதீர்கள். திட்ட அனுமதிக் கடிதத்தையும் முத்திரையிட்ட வரைபடத்தையும் கேளுங்கள். புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் அரசின் மின்சேவைத் தளத்தில் நீங்களே பாருங்கள். நாடா ஒன்றை எடுத்துப்போய்த் தெருமுனையில் அளந்து பாருங்கள். எதிர்வீட்டில் யாராவது ஏதாவது சொல்ல வந்தால், விற்பனையாளரை அனுப்பிவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். காசோலை திரும்பினால், வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் வழக்கறிஞர் அறிவிப்பை அனுப்பிவிட வேண்டும். நான் நாளைக் காலை அதற்காகத்தான் போகிறேன். ரெரா புகாரும் தயாராகிறது.

இதே தெருவின் பெயரைச் சொல்லி உங்களிடமும் யாராவது பணம் வாங்கியிருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். நான் ஒருவன் மட்டுமாக இருக்க வாய்ப்பில்லை. இன்று காலை செயலியைத் திறந்து பார்த்தேன். அதே படம், அதே ஊஞ்சல், அதே பச்சைக் குறி. விலையை 81 லட்சமாக ஏற்றி, 'இன்னும் மூன்று வீடுகள் மட்டுமே' என்று போட்டிருக்கிறார்கள்.