ரேஷன் கார்டில் இன்னும் நான்

மூன்று வார லீவில் சிங்கப்பூரிலிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் ஊருக்குப் போனேன். அப்பா அம்மாவுக்கு முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்துவிடுவது என்று கிளம்பும்போதே முடிவு. எங்கள் தெருவில் அதற்கு இன்றும் 'கலைஞர் கார்டு' என்றுதான் பேர். 2009-இல் வந்த அந்தத் திட்டம் போய், 2012-இல் இப்போதுள்ளது வந்து, 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடும் சேர்ந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்றாகிவிட்டது. பேர் மட்டும் மாறவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனால் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். உண்மையில் கதை விஏஓ ஆபீஸில் தொடங்குகிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதற்கு வருமானச் சான்று வேண்டும். குடும்பம் எது என்பதை ரேஷன் கார்டு சொல்லும்.

விஏஓ கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதுல உங்க பேரும் இருக்கே தம்பி. நீங்க சிங்கப்பூர்ல இல்ல?"

ஊரை விட்டுப் போய்ப் பதினாலு வருஷம். நீக்கணும் என்று யாருக்கும் தோன்றவில்லை. "பேர எடுத்துட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். பேரை எடுத்தால் தாளில் கணக்குச் சரியாகிவிடும். ஆனால் அந்த வீட்டின் மாடி என் பணத்தில் எழுந்தது. மாசம் பிறந்தால் அப்பா கணக்கில் நான் போடும் பணம் விழுகிறது. வீட்டில் வந்து சொன்னேன். "நமக்கு எதுக்குடா அது? ஒன் சித்திக்கு இருக்கான்னு கேளு மொதல்ல" என்றார் அப்பா.

சித்திக்கு இல்லை. சித்தப்பா போனபின் தனி ரேஷன் கார்டு, நூறு நாள் வேலை, நடவுக் கூலி. இத்தனை வருஷத்தில் எனக்கும் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்குப் பதிந்தோம். அது கைக்கு வந்ததும் ஆதாரையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போனோம். போட்டோ எடுப்பது நொடியில் முடிந்தது. ரேகைதான் விழவில்லை. நாற்று முடிந்த விரல்கள். ரேகை தேய்ந்து வழவழவென்று இருந்தது. மையத்தில் பதிவு செய்த பெண் ஈரத்துணியால் துடைத்து, விரலை மாற்றி மாற்றி வைத்து, ஐந்தாவது தடவை பச்சை விளக்கு எரிந்ததும் சித்தியைவிட அவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தானே, அங்கே எதற்கு இந்தக் கார்டு என்று கேட்டேன். அங்கே ஆபரேஷன் நடந்தாலும் திட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பணம் வருமாம். பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரி என்றால், சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் வாங்குவார்கள். இதெல்லாம் படுத்துப் பார்க்கும் வைத்தியத்துக்கு. சும்மா டாக்டரைப் பார்த்து மாத்திரை எழுதி வாங்கும் செலவு இதில் வராது.

அப்பா அம்மாவுக்குத் தனியார் பாலிசி போட்டேன். 65 வயதைத் தாண்டினால் புது பாலிசி இல்லை என்ற பேச்சு 2024 ஏப்ரலோடு போய்விட்டது. ஆனால் பிரீமியம் கேட்டால் நெஞ்சு அடைக்கும். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். சிங்கப்பூர் அரசின் மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃபில் பழைய நோய்களும் உண்டு, ஆனால் அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான்; ஊரில் இருக்கும் அப்பாவுக்கு அதில் இடம் ஏது?

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 'நம்மைக் காக்கும் 48' என்ற தமிழ்நாடு அரசின் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. தமிழ்நாட்டுக்குள் சாலை விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில், குறிப்பிட்ட தொகை வரை இலவசம். எந்த ஊர், எந்த நாடு என்று பார்ப்பதில்லை.

சித்தி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதக் காட்டுனா பிரஷர் மாத்திர குடுப்பாங்களா தம்பி?" அதற்குக் கார்டே வேண்டாம், 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் மாசாமாசம் ஒரு பெண் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகிறாராம். அப்படியென்றால் இது எதற்கு என்பது போல என்னைப் பார்த்தார்.

கிளம்புவதற்கு முதல் நாள், ரேஷன் கார்டிலிருந்து என் பேரை நீக்கவும் மனுப் போட்டேன். அம்மாவுக்குத்தான் கோபம்.

"மாசம் அரைக் கிலோ ஜீனி போச்சு."