பேரிங் மட்டும் போதுமா? பிளாட்டிங் தாளோடு ஆறு ஆண்டுகள்

சரக்குக் கப்பலில் நள்ளிரவு பன்னிரண்டு முதல் நான்கு வரையிலான வாட்ச், அதாவது காவல் பணி, பார்க்கும் எனக்கு, மற்றக் கப்பல்களின் நகர்வைக் கோடுகளாகக் குறிக்கும் பிளாட்டிங் தாளில் கையால் வரையும் பழக்கம் ஏற்பட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தொலைவில் ஒரு கப்பலின் விளக்கு தெரிந்ததும், கைரோ திசைகாட்டியின் அளவைக் காட்டும் ரிப்பீட்டரில் அதன் திசைக்கோணத்தை, அதாவது பேரிங்கை, குறித்த நேர இடைவெளியில் எடுத்து, அதைக் கொண்டு மட்டுமே அந்தக் கப்பலின் போக்கையும் வேகத்தையும் மதிப்பிட முயல்வேன். ரேடாரும், மற்றக் கப்பல்கள் தம் போக்கையும் வேகத்தையும் வானொலியில் அனுப்புவதைப் பெற்றுக் காட்டும் ஏஐஎஸ்ஸும் வழக்கம்போல இயங்கிக்கொண்டிருக்கும். கப்பலைச் செலுத்தும் முடிவுகளை அவற்றையும் பார்த்துத்தான் எடுக்கிறேன். கடலில் நெரிசல் இல்லாத இரவுகளில் மட்டும் தாளை விரித்து, வரைந்து முடித்த பிறகு ஏஐஎஸ் காட்டும் விவரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை நோட்டில் எழுதிவைப்பேன்.

வரையும் முறை எளிமையானது. எங்கள் கப்பலைத் தாளின் மையமாக வைத்து, சம இடைவெளியில் எடுத்த மூன்று பேரிங்குகளையும் கோடுகளாக இழுக்க வேண்டும். நடுக்கோட்டில் ஏதாவது ஒரு புள்ளியை எடுத்து, அதிலிருந்து முதல் கோட்டுக்கும் மூன்றாம் கோட்டுக்கும் இணையாக இரண்டு கோடுகள் வரைந்தால் ஓர் இணைகரம் கிடைக்கும். ஒரு மூலைவிட்டம் நடுக்கோட்டிலேயே படுத்திருக்கும். மற்றொரு மூலைவிட்டத்தின் திசைதான், எங்களைச் சார்ந்து அந்தக் கப்பல் நகரும் திசை. இடைவெளியாக ஆறு நிமிடங்களை வைத்துக்கொள்வது வசதி. ஆறு நிமிடத்தில் கடந்த கடல் மைலைப் பத்தால் பெருக்கினால் நாட் கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று, வேகம் வந்துவிடும்.

நோட்டில் உள்ள ஒரு பதிவைச் சொல்கிறேன். திசைகள் எல்லாம் வடக்கை 000 ஆகக் கொண்டு வலச்சுற்றாக எண்ணும் பாகைகள். எங்கள் போக்கு 000, வேகம் 12 நாட். ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த பேரிங்குகள் 040, 036, 029.5. இணைகரம் காட்டிய சார்புத் திசை 236. இதற்கு மேல் தாள் எதையும் சொல்லாது. முதல் பேரிங் எடுத்தபோது அந்தக் கப்பல் 6 மைலில் இருந்ததாகக் கொண்டால் அதன் போக்கு 297, வேகம் ஏறக்குறைய 11 நாட். 8 மைல் என்றால் 282, 14 நாட். 10 மைல் என்றால் 272, 17 நாட். மூன்று விடைகளுமே மூன்று பேரிங்குகளோடும் பிசகின்றிப் பொருந்துகின்றன. நான்காவது, ஐந்தாவது பேரிங் எடுத்தாலும், இரு கப்பல்களும் போக்கையும் வேகத்தையும் மாற்றாதவரை இந்தக் குழப்பம் தீராது. பழகத் தொடங்கிய முதல் சில மாதங்களில் இது புரியாமல், பேரிங்குகளை அடுக்கிக்கொண்டே போனால் விடை வந்துவிடும் என்று நம்பி எத்தனையோ தாள்களை வீணாக்கியிருக்கிறேன்.

ஆனால் தூரம் தெரியாமலேயே தாள் தரும் ஒரு விவரம் உண்டு; எனக்கு இந்த முறை பிடித்துப்போனதற்கு அதுவே முதற்காரணம். மேற்சொன்ன மூன்று விடைகளிலும், மிக நெருங்கும் தூரம் 1.6, 2.2, 2.7 மைல் என்று மாறுகிறது. மிக நெருங்கும் நேரமோ மாறுவதில்லை. எந்தத் தூரத்தை வைத்துக் கணக்கிட்டாலும், முதல் பேரிங்கிலிருந்து ஏறக்குறைய 28ஆம் நிமிடம்தான். அந்தக் கப்பல் எங்களுக்கு முன்னால் குறுக்கே கடந்துவிடும் என்பதும் உறுதியாகிறது.

தூரத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் நாம்தான் திரும்ப வேண்டும். அமெரிக்கக் கடற்படை அதிகாரி எக்கலண்ட் 1958இல் தந்த விதி இதற்கு உதவுகிறது: பார்வைக் கோட்டுக்கு, அதாவது நம்மிடமிருந்து அந்தக் கப்பலுக்குச் செல்லும் கோட்டுக்கு, குறுக்கே நம் வேகம் எத்தனை நாட் மாறியதோ அதை 0.955ஆல் பெருக்கி, பேரிங் மாறும் வீதத்தில் ஏற்பட்ட வித்தியாசத்தால் வகுத்தால் கடல் மைலில் தூரம் கிடைக்கும். அன்றிரவு மூன்றாவது பேரிங்கை எடுத்ததும், வலப்பக்கத்திலிருந்து வரும் கப்பலுக்கு வழிவிட வேண்டியவர்கள் நாங்கள் என்பதால், அதன் பின்னால் கடந்து செல்ல 060க்குத் திரும்பினோம். நிமிடத்துக்கு 1.4 பாகையாக இடப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்த பேரிங் 3.7 பாகையாக நகரத் தொடங்கியது. குறுக்கு வேக மாற்றம் 12 நாட்; விடை 5 மைல். திரும்பி முடிக்க ஒரு கப்பல் எடுத்துக்கொள்ளும் நேரத்தை இந்தக் கணக்கு பொருட்படுத்துவதில்லை என்பதால், அதற்கு மேல் தசமத்தைத் தேடுவதில் பொருளில்லை. வணிகக் கப்பலில் கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காகத் திரும்ப முடியாது. கேப்டனிடம் அதை விளக்கும் துணிவும் எனக்கில்லை. ஆகவே வழிவிடுவதற்காகவோ, திட்டமிட்ட பயணப் பாதையின்படியோ திரும்பும் தருணத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த முறையின் பெருங்குறை, சிறு பிழையையும் அது ஊதிப் பெரிதாக்குவது. மேற்சொன்ன பதிவில் நடு பேரிங்கை 036க்குப் பதிலாக 036.5 என்று படித்திருந்தால் சார்புத் திசை 230 ஆகும், 035.5 என்று படித்திருந்தால் 248. அரைப் பாகை பிசகினால் ஒரு பக்கம் 6 பாகை, மறுபக்கம் 12 பாகை தவறுகிறது! கப்பல் ஆடும்போது பேரிங் எடுக்க ரிப்பீட்டரின் மேல் வைக்கும் அசிமத் வட்டத்தில் அரைப் பாகையைச் சரியாகப் படிப்பது எவ்வளவு கடினம் என்பது ஒருமுறை முயன்றவர்களுக்குத் தெரியும். ஒரே நிமிடத்துக்குள் மூன்று முறை படித்து, நடுமதிப்பை எடுத்துக்கொள்ளத் தொடங்கிய பிறகுதான் என் விடைகள் ஏஐஎஸ்ஸோடு ஓரளவு ஒத்துவரத் தொடங்கின. கைரோவில் ஒரு பாகை நிலையான பிழை இருப்பது இதோடு ஒப்பிட்டால் பெரிதல்ல. அது படம் முழுவதையும் ஒரு பாகை திருப்பிவிடுமே தவிர உருவத்தைக் கெடுக்காது.

வெகு தொலைவில், ஆறு நிமிடத்தில் ஒரு பாகைகூட நகராத கப்பலுக்கு இந்தத் தாள் பயன்படாது. மூன்று கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். பேரிங் குறிப்பிடத்தக்க அளவு மாறாமல் கப்பல் நெருங்கினால் மோதும் அபாயம் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று 1972ஆம் ஆண்டு மோதல் தடுப்பு விதிகளின் 7ஆம் விதி சொல்வதால், அங்கே வரைந்துகொண்டிருப்பது முறையுமல்ல. அடிக்கடி திசை மாற்றும் மீன்பிடிப் படகுகளையும் நான் விட்டுவிடுகிறேன். ஒருமுறை அப்படியொரு படகுக்கு அரை மணி நேரம் வரைந்து கிடைத்த வேகம் 31 நாட்; பார்த்தால் அது வலையை இழுத்தபடி ஏறக்குறைய நின்றுகொண்டிருந்தது.