பிரெய்ரி டிராப்சீட்: வாசலில் நட்டுச் சில வருடங்களுக்குப் பிறகு

சிகாகோவுக்கு மேற்கே, நேப்பர்வில் பக்கம் வீடு. வாசல் நடைபாதை ஓரம் பிரெய்ரி டிராப்சீட், வீட்டின் பக்கவாட்டில் லிட்டில் ப்ளூஸ்டெம், பின்வேலி ஓரம் 'நார்த்விண்ட்' சுவிட்ச்கிராஸ். மூன்றும் பிரெய்ரி என்னும் வட அமெரிக்கப் புல்வெளியின் சொந்தப் புற்கள்; 2018 மே மாதம் நட்டவை. மறுபடி எதை வாங்குவாய் என்று கேட்டால் யோசிக்காமல் டிராப்சீட் என்பேன். ப்ளூஸ்டெம்மை இடம் பார்த்துத்தான் வைப்பேன். சுவிட்ச்கிராஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆறடிக்கு நேராக நிற்கும், பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியை மறைக்கும், அவ்வளவுதான்.

ஆசையாக வாங்கியவர்களை டிராப்சீட் முதல் இரண்டு வருடம் நன்றாகச் சோதிக்கும். சிறு நாற்றாக நட்டால் ஒரு கைப்பிடி மயிர் அளவுக்குத்தான் இருக்கும். தூர் கட்டிப் பார்வைக்கு வர மூன்று, நான்கு வருடமாவது ஆகும். பொறுமை இல்லாதவர்கள் ஒரு காலன் தொட்டியிலேயே வாங்கிவிடலாம். விலை கூடுதல், ஒரு வருடம் மிச்சம். நான் வாசலுக்குத் தொட்டிச் செடியும் உள்பக்கத்துக்கு நாற்றும் வைத்தேன். இன்று இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இன்னொன்று, இது வெயில் காலத்துப் புல். கரும்பு, சோளம் மாதிரி மண் சூடேறினால்தான் அசையும். ஏப்ரலில் தெருவெல்லாம் லான் பச்சைப்பசேல் என்றிருக்கும், நம் வாசலில் மட்டும் காய்ந்த கட்டை. மே பாதியில்தான் உள்ளிருந்து பச்சை எட்டிப்பார்க்கும். செத்துவிட்டதோ என்று பிடுங்க வேண்டாம். இந்தத் தாமதத்தில் ஒரு வசதியும் இருக்கிறது. தூருக்குள் புகுந்த களைப்புல் பெரும்பாலும் குளிர்காலத்துப் புல்; ஏப்ரலிலேயே பச்சையாகிக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது பிடுங்கினால் உண்டு, ஜூனில் எது எது என்று பிரிக்கவே முடியாது. முதல் சில வருடங்களில் இதற்குச் செய்ய வேண்டிய உண்மையான வேலை இந்தக் களையெடுப்புதான்.

நன்றாகத் தூர் கட்டியபின் மெல்லிய தோகைகள் ஒன்றரை அடிக் குவியலாக நாலாபக்கமும் வளைந்து விழும். சின்னக் காற்றுக்கே மொத்தக் குவியலும் ஒரு பக்கமாக ஒதுங்கித் திரும்பும். ஆகஸ்டில் மூன்றடி உயரத்துக்குக் கதிர் வரும், அதோடு வாசனையும். இங்கே எல்லோரும் பாப்கார்ன் என்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா முதலில், "காசு குடுத்தா புல்லு வாங்கின?" என்றுதான் ஆரம்பித்தார். ஒரு சாயங்காலம் வாசலில் நின்றவர், "யார் வீட்டுலடா மல்லி வறுக்கிறாங்க?" என்றார். எனக்கும் அதுதான். வெறும் வாணலியில் கொத்தமல்லி விதை சூடேறும்போது வருமே, அந்த வாசனை. வெயில் தாழ்ந்த நேரத்தில் கதவைத் திறந்தாலே அடிக்கும். பக்கத்து வீட்டம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை, கருகிய வெண்ணெய் நாற்றம் என்கிறார். மூக்குக்கு மூக்கு மாறும். ஆகவே ஜன்னலடியில் வரிசையாக நடுவதற்கு முன் பூத்த செடியை ஒருமுறை முகர்ந்துவிடுங்கள்.

செப்டம்பர் கடைசியில் கதிரை உள்ளங்கையில் வைத்து உருவினால் கடுகளவு உருண்டை விதைகள் உதிரும். அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகள் இதை அரைத்து மாவாக்கியிருக்கிறார்கள். கேழ்வரகும் அருகம்புல்லும் இதே உட்குடும்பம்தான் என்று தெரிந்தபோது அம்மாவுக்குப் புல் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. இத்தனை விதை கொட்டியும் தானாக முளைத்துத் தொல்லை தருவதில்லை. அக்டோபரில் பொன்னும் ஆரஞ்சுமாக மாறும். பனிக்கு அடியில் படுத்துவிடும். குளிர்கால அழகு வேண்டுமென்றால் ப்ளூஸ்டெம்தான்.

ப்ளூஸ்டெம் கோடையில் நீலப்பச்சை, இலையுதிர்காலத்தில் செம்பு நிறம். பனி விழுந்த பிறகும் அந்தச் செம்பு நிறம் நிற்கும். விதைக்காகச் சிட்டுகள் வந்து உட்காரும். 2022-இல் அமெரிக்காவில் ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாகத் தேர்வானது இதுதான். ஆனால் சாயும். கூரைத் தண்ணீர் வந்து விழும் இடத்துக்கு அருகே, நல்ல கறுப்பு மண்ணில் இருப்பவை செப்டம்பரில் நடுவே பிளந்து தரையில் படுத்துவிடுகின்றன. அதே நாளில் நட்ட அதே ரகம், கார் நிறுத்தும் இடத்தை ஒட்டிய ஜல்லி மண்ணில் குச்சி மாதிரி நிற்கிறது. ஒருமுறை லானுக்கு உரம் தூவ வந்த ஆள் கை தாராளமாகி இங்கேயும் வீசிவிட்டுப் போனார். அந்த வருடம் ஜல்லி மண்ணில் இருந்தவையும் சேர்ந்து படுத்தன. உரம் வேண்டாம், கம்போஸ்ட் வேண்டாம், வேர் பிடித்தபின் தண்ணீரும் வேண்டாம். வாங்குவதாக இருந்தால் 'ஸ்டாண்டிங் ஓவேஷன்' ரகம் பரவாயில்லை. 'தி ப்ளூஸ்' நிறத்தில் அழகு, ஆனால் சீக்கிரம் சாயும்.

டிராப்சீட்டுக்கு இந்தச் சாய்கிற குணம் இல்லை. எங்கள் களிமண்ணையும் தாங்குகிறது, வறட்சியையும் தாங்குகிறது. 2023 மே, ஜூனில் இந்தப் பக்கம் மழையே பெய்யாமல் லான்கள் வைக்கோலாகக் கிடந்தபோது, சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே பச்சையாக இருந்தது. வெயில் மட்டும் குறையக்கூடாது. மேப்பிள் மர நிழலில் வைத்த ஒன்று இன்னும் சோகையாக, கதிரே விடாமல் நிற்கிறது.

பராமரிப்பு வருடத்துக்கு ஒரு நாள். மார்ச்சில் தூரைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, வேலி வெட்டும் மின்கத்தியால் மூன்று அங்குலம் விட்டு அறுத்தால் கட்டோடு கையில் வரும். கட்டாமல் அறுத்தால் தெரு முழுக்கப் பொறுக்க வேண்டியதுதான். பழைய தூரைப் பிரித்து நடும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். மண்வெட்டி இறங்காது, ரம்பம் கேட்கும், பிரித்தவை தேற இன்னும் இரண்டு வருடம் ஆகும்.

குடியிருப்போர் சங்கத்திலிருந்து 'உயரமான களை' என்று ஒரு கடிதம் வந்தது. ஒரு காலத்தில் 2 கோடி ஏக்கருக்கு மேல் பிரெய்ரி இருந்த மாநிலம் இந்த இல்லினாய். பட்டப்பெயரே பிரெய்ரி மாநிலம். 1837-இல் ஜான் டியர் எஃகுக் கலப்பை செய்ததும் இங்கேதான், அதன் பிறகு உழுது முடித்துவிட்டார்கள். அந்தப் புல்லுக்கு இங்கேயே களை என்று பெயர்! பதில் எழுதியதோடு, ஓரத்தில் செங்கல் வரிசை பதித்து, நடைபாதை மேல் சாய்ந்த தோகையை ஒழுங்குபடுத்தினேன். அப்புறம் பேச்சில்லை. 2024-இல் இல்லினாய் சட்டமே வந்துவிட்டது: பராமரிப்போடு இருக்கும் உள்நாட்டுச் செடித் தோட்டத்தைச் சங்கங்கள் தடை செய்ய முடியாது. பராமரிப்பு என்ற சொல் சட்டத்தில் இருப்பதால் செங்கல் வரிசையை நான் எடுக்கவில்லை.

வாங்கும் முன் செப்டம்பரில் சிகாகோ மில்லேனியம் பார்க்கில் உள்ள லூரி தோட்டத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். வளர்ந்த டிராப்சீட் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கண்ணால் தெரியும். இரண்டு செடிக்கு நடுவே இரண்டடி விடுங்கள். இடம் குறுகல் என்றால் 'டாரா' ரகம் அடக்கமானது. அக்டோபரில் நர்சரிகளில் பாதி விலைக்குக் கிடைக்கும் நாற்றை மட்டும் தொடாதீர்கள். குளிருக்கு முன் வேர் பிடிக்காது; உறைந்து உருகும் மண் அதை மேலே தள்ளிவிடும், மார்ச்சில் போய்ப் பார்த்தால் வேர்க்கட்டி தரைக்கு மேல் உட்கார்ந்திருக்கும்.