பழைய ராணுவ லாரியில் கனமான கூரை விளக்கு மாட்டக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பழைய ராணுவ வண்டி வைத்திருப்பவர்கள், முக்கியமாக அதில் ஆட்களை ஏற்றுகிறவர்கள், இதைத் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். உள்கூரையில் விளக்கோ ஃபேனோ பட்டறையில் கொடுத்து மாட்டியிருந்தால் இன்றைக்கே ஒருமுறை பிடித்து அசைத்துப் பாருங்கள். எங்கள் வண்டியில் மாட்டிய விளக்கு ஓடும்போதே கழன்று என் சித்தப்பா மகனின் தோளில் விழுந்தது. அரை அடி தள்ளி விழுந்திருந்தால் மண்டை.

வண்டி சக்திமான். ஜெர்மனியின் எம்.ஏ.என். கம்பெனி உரிமத்தில் ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்தது. 1996-ஓடு உற்பத்தி நின்றுபோனது. அதனால் எந்தச் சக்திமானின் தகட்டுக்கும் இன்றைக்கு வயசு கிட்டத்தட்ட முப்பதாவது இருக்கும். எங்களுடையது பெட்டி பாடி. வெளியே இரும்புத் தகடு, உள்ளே பிளைவுட் சீலிங், இரண்டுக்கும் நடுவே குறுக்குச் சட்டங்கள். சித்தப்பா இதைக் கரைவலைக்கு, அதாவது கரையில் நின்று இழுக்கும் மீன்வலைக்கு, ஓட்டுகிறார். நாலு சக்கரமும் இழுப்பதால் மணலில் மாட்டாது. விடியுமுன் வலையும் ஆட்களுமாகக் கிளம்பும்போது உள்ளே வெளிச்சம் வேண்டுமே என்று, ராணுவச் சாமான் விற்பவரிடம் இந்தக் கூரை விளக்கை வாங்கினார். வார்ப்பு அலுமினிய அடிப்பாகம், தடிக் கண்ணாடி, வெள்ளைக்கு ஒரு பல்பு, சிவப்புக்கு ஒரு பல்பு. சிவப்பு வெளிச்சத்தில் இருந்துவிட்டு இருட்டில் இறங்கினால் கண் இருட்டிக்கொள்ளாது, கடல் உடனே தெரியும். அருமையான பொருள். ஆனால் கனம். தராசில் வைத்தபோது இரண்டு கிலோவைத் தாண்டியது.

பட்டறைக்காரரிடம் நான் தெளிவாகவே சொன்னேன்: "அண்ணே, தகட்டை நம்பாதீங்க. குறுக்குச் சட்டத்தோட சேத்து இரும்புப் பட்டை வச்சு போல்ட் போடுங்க. லைனுக்குத் தனி ஃபியூஸ் வேணும்." சரி என்றார். பில்லிலும் பட்டை, போல்ட், ஃபியூஸ், கூலி என்று எல்லாம் எழுதி 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். வண்டியை எடுக்கும்போது சீலிங் மூடியிருந்தது. "பட்டை வச்சு இறுக்கியிருக்கு தம்பி, வண்டியே கவுந்தாலும் லைட்டு கழராது" என்றார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கரைக்கு இறங்கும் மண்பாதையில் ஒரு பள்ளம். வண்டி விழுந்து எழுந்த வேகத்தில் விளக்கு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. அதோடு போகவில்லை. அறுந்த கம்பி கூரைத் தகட்டில் உரசிப் பொறி பறந்தது, பிளாஸ்டிக் கருகும் நாற்றம், உள்ளே புகை. வலைமேல் உட்கார்ந்திருந்தவர்கள் பின்பக்கமாகக் குதித்தார்கள். வண்டியில் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் இருந்ததால் சித்தப்பா உடனே அதைத் திருகி அணைத்தார். நைலான் வலை தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று கடற்கரையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஊரில் ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் வண்டி வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் வந்து சீலிங்கைக் கழற்றிக் காட்டினார். பட்டையும் இல்லை, போல்ட்டும் இல்லை. பிளைவுட் வழியாக வெளித்தகட்டில் நாலு செல்ஃப் ஸ்க்ரூ. குறுக்குச் சட்டம் நாலு விரல் தள்ளி இருக்கிறது. ஒரு ஸ்க்ரூகூட அதைத் தொடவில்லை. ஒரு மில்லித் தகட்டில் அந்த ஸ்க்ரூவின் ஒரு மரை முழுசாகப் பிடிப்பதே கஷ்டம். வண்டி குலுங்கும்போது இரண்டு கிலோ பல மடங்காக இழுக்கும். அந்த ஓட்டை எத்தனை நாள் தாங்கும்? மேலே ஏறிப் பார்த்தால் கூரைக்கு வெளியே நாலு ஸ்க்ரூ முனையும் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு உருண்டை சிலிகான். நகத்தால் சுரண்டியதும் உருண்டை அப்படியே கையோடு வந்தது, அடியில் ஈரமான செந்துரு. வினிகர் வாடை அடிக்கிற மலிவான சிலிகான் அது. பெயின்ட் இல்லாத இரும்பில் அதைத் தடவினால் அதன் அமிலமே துருவைக் கிளப்பிவிடும்.

வயரிங் அதைவிட மோசம். வண்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக இருக்கிறது, மொத்தம் 24. விளக்கோடு வந்த 24 வோல்ட் பல்புகளைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் பல்பு போட்டு, ஒரே ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் லைன் இழுத்திருக்கிறார்கள். ஃபியூஸ் எங்கேயும் இல்லை. கம்பி நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையமும் இல்லை. தகட்டு விளிம்பு கம்பியின் தோலை ஏற்கெனவே பாதி அறுத்திருந்தது. ஒரு பேட்டரியில் மட்டும் சுமை ஏற்றினால் அது எப்போதும் குறைசார்ஜில் கிடக்கும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஏறிக் கொதிக்கும், கடைசியில் இரண்டும் போகும். கொஞ்ச காலமாகக் காலையில் செல்ஃப் எடுக்கத் திணறியதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. 24 வோல்ட் பல்பு ஒன்றும் கிடைக்காத சரக்கில்லை, லாரி சாமான் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும்.

பட்டறைக்காரரிடம் போய்க் கேட்டோம். "உப்புக்காத்துல எதுதான் தம்பி நிக்கும்? வண்டியும் பழசு" என்றார். பில்லைக் காட்டினால் பேச்சையே மாற்றினார். பணம் திரும்பவில்லை. எனக்கு வயிறு எரிந்தது பணத்துக்காக இல்லை, இந்தப் பதிலுக்காகத்தான். இங்கே கச்சான் காற்று அடித்தாலும் வாடைக்காற்று அடித்தாலும் உப்பு வரும் என்று யாருக்குத் தெரியாது? பழைய பாம்பன் ரயில் பாலத்தை 1914-ல் திறந்ததிலிருந்து 2022-ல் அதில் ரயில் நிற்கும்வரை துருவோடு போராட்டம்தான். உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்கவே காரைக்குடியின் செக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கிறது. உப்புக்காற்று இருக்கிறது என்பதால்தான் பட்டை வைக்கச் சொன்னோம், காசும் கொடுத்தோம்.

அந்தப் பெரியவரே மறுபடி மாட்டிக் கொடுத்தார். இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கும் நடுவே ஐந்து மில்லி இரும்புப் பட்டையைப் பாலமாகப் போட்டு, இரண்டு முனையையும் சட்டத்தில் போல்ட் செய்தார். விளக்கு அந்தப் பட்டையில் தொங்குகிறது, தகட்டில் இல்லை. எல்லாம் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் குலுக்கலில் கழராது), அகல வாஷர். துளைத்த இடமெல்லாம் முதலில் ரெட் ஆக்சைடு, அப்புறம் பெயின்ட். அலுமினிய அடிப்பாகத்துக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பர் ஷீட் வெட்டி வைத்தார். இரண்டும் நேராகத் தொட்டு உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கொட்டும். லைன் 24 வோல்ட்டில், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸோடு. சீலிங்கை மூடுமுன் எங்களைக் கூப்பிட்டு, "தொங்கிப் பாரு" என்றார். நான் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். அசையவில்லை.

இப்படி வேலை கொடுக்கிறவர்கள் சீலிங் மூடுவதற்கு முன்னால் கட்டாயம் பக்கத்தில் நில்லுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மாட்டியவர்கள் கூரைமேல் ஏறி சிலிகான் உருண்டை இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி ஒரு ராத்திரி சும்மா நின்ற பிறகு மல்டிமீட்டரில் இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். நல்ல பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் பக்கம் காட்டும். ஒன்று 12.6, மற்றது 12.1 என்று வந்தால், எங்கேயோ ஒற்றைப் பேட்டரியில் லைன் கொடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள்.