குகையில் உட்காருவதா, மலையைச் சுற்றி நடப்பதா?

திருவண்ணாமலைக்குப் போய் ஒருநாள் தன்னோடு தானே இருந்துவிட்டு வர நினைப்பவர்களுக்கு இரண்டு வழிகள்: விருபாட்ச குகை அல்லது கிரிவலம்.

ரமணாசிரமத்தின் பின்னாலிருந்து கல் பாவிய பாதையில் ஏறி, கந்தாசிரமம் தாண்டி இறங்கினால் குகை. ரமணர் 1899 முதல் 1916 வரை இங்கே இருந்தார். உள்ளே அரையிருட்டு, கதகதப்பு. கண்ணை மூடினால் முதலில் கரண்ட் பில்லும் ஆபீஸ் சண்டையும்தான் வரும். வரட்டும். எண்ணத்தோடு மல்லுக்கட்டாமல், 'இது யாருக்குத் தோன்றுகிறது?' என்று கேட்கச் சொன்னார் அவர். எனக்குத்தான் என்றால், அந்த நான் யார்? இதற்கு வார்த்தையில் பதில் தேடக் கூடாது. கேள்வி எழும் இடத்திலேயே கவனத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். சொல்வது சுலபம், எனக்கு அரை மணி நேரத்தில் ஒரு நிமிடம் வாய்த்தாலே பெரிது. ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்காகவே திரும்பத் திரும்பப் போகிறேன்.

கிரிவலம் 14 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் நாலு மணி நேரத்துக்கு மேல். பௌர்ணமிக் கூட்டம் வேண்டாம். சாதாரண நாளில் விடியும் முன் கிளம்புங்கள். வெறுங்காலில் சரளைக்கல் குத்தும்போது மனசு தானாகக் காலுக்கு வந்துவிடும்.

நல்ல நாட்களில் நான் குகையைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் அப்பா இறந்த மாதம் என்னால் அங்கே ஐந்து நிமிடம்கூட உட்கார முடியவில்லை. எழுந்து வந்து நடந்தேன். அடி அண்ணாமலை பக்கம் வந்தபோதுதான் அழுகை வந்தது.